சேர்க்கைப் படிவத்தில் இரண்டு பெயர்கள்

1

"இந்த எஸ்தர் யார்?" என்று பள்ளி அலுவலகத்தில் இருந்த அம்மையார் கேட்டார்.

அவர் கையில் இருந்தது என் மகன் தானியேலின் ஞானஸ்நானச் சான்றிதழ். ஆரணியில் எங்கள் சபை ஆயர் தன் கைப்பட எழுதி, ஊதா முத்திரை குத்திக் கொடுத்தது. அதில் தாயின் பெயர் எஸ்தர். பக்கத்தில் நகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ் கிடந்தது. அதில் தாயின் பெயர் கலைச்செல்வி. என் பாஸ்போர்ட்டிலும் கலைச்செல்விதான்.

நான்தான் எஸ்தர் என்றேன். அப்படியானால் கலைச்செல்வி யார் என்றார். அதுவும் நான்தான் என்றேன்.

அவர் நல்ல மனுஷி. எனக்கு உதவி செய்வதற்காக அவரே வழி தேடினார். கல்யாணத்துக்கு முன்பு ஒரு பெயர், பிறகு ஒரு பெயரா? இல்லை. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரா? அதுவும் இல்லை. ஒன்று கோயிலுக்கான பெயர், மற்றது பள்ளிக்கூடத்துக்கான பெயர் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு எதற்குத் தனிப் பெயர் என்று அவர் உண்மையாகவே புரியாமல் கேட்டார். எனக்குப் பின்னால் நான்கைந்து தாய்மார்கள் குழந்தைத் தள்ளுவண்டிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். பெரிய கதை, இன்னொரு நாள் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அயர்லாந்துக்கு வந்து நான்கு வருடமாகிறது. இங்கே ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கிறேன். நோயாளியின் சாவை அவர் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பது எனக்கு இங்கத்து மொழியில் தெரியும். ஆனால் என் இரண்டு பெயர்களை இந்த மொழியில் எப்படி விளக்குவது என்று அன்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மூத்த மகள் ரூத் பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். அவளுக்குப் பதினேழு வயது. "உனக்கு ரெண்டு பேர் இருக்குன்னு எனக்குத் தெரியும்மா. ஏன்னு நீ சொன்னதே இல்ல" என்றாள். சொன்னதில்லைதான். அவளுக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது உங்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

2

என் அப்பா ஆரணியில் ஒரு ரைஸ்மில்லில் வேலை செய்தார். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, காலால் துழாவிக் காயவைக்கும் வேலை. நாங்கள் இருந்தது காலனியில். தாத்தா காலத்திலேயே எங்கள் தெருவில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டிருந்தன. எனக்கு எஸ்தர் என்று பெயர் வைத்தவர் அன்றைய ஆயர்.

ஐந்து வயதில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது, பதிவேட்டில் என் பெயர் கலைச்செல்வி ஆனது. மதம் என்ற கட்டத்தில் 'இந்து' என்று எழுதப்பட்டது. காரணம் எங்கள் பக்கத்து வாசகர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காலனியில் பிறந்த ஒருவர் கிறிஸ்தவர் என்று எழுதினால் அரசாங்கக் கணக்கில் வேறு பட்டியலுக்குப் போய்விடுவார். உதவித்தொகை, விடுதி, பின்னால் படிப்பில் ஓர் இடம் எல்லாமே மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதால் தெருவோ, குழாயடியோ, டீக்கடை கிளாஸோ மாறுவதில்லை. பட்டியல் மட்டும் மாறும்.

அதனால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இரண்டு பெயர். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. வாரத்தில் ஆறு நாள் கலைச்செல்வி, ஏழாம் நாள் எஸ்தர். குழந்தைக்கு அது பழகிவிடும் என்று பெரியவர்கள் நினைத்திருப்பார்கள்.

பழகித்தான் போனது. ஆனால் மூன்றாம் வகுப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். ஆராதனை முடிந்து, கையில் பைபிளோடு கோயில் வாசலில் நின்றேன். எதிரே என் வகுப்புத் தோழி அவள் அம்மாவோடு நடந்து வந்துகொண்டிருந்தாள். நான் சட்டென்று ஆயருடைய ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை எழவில்லை. ஒளிந்துகொள் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. எனக்கே தெரிந்திருந்தது.

கலைச்செல்வி என்ற அந்தப் பெயரால்தான் எனக்கு அரசு நர்சிங் பள்ளியில் இடம் கிடைத்தது. இதையும் மறைக்காமல் எழுத வேண்டும். இன்று நான் இந்தக் குளிர் நாட்டில் சொந்தக் காலில் நிற்கிறேன் என்றால், அதற்கு அப்பா அன்று எழுதவைத்த அந்த ஒரு வார்த்தையும் காரணம்.

3

தொண்ணூற்றைந்தாம் வருடம் ஜூன் மாதம் ரூத்தைப் பள்ளியில் சேர்த்தோம்.

என் கணவர் சாமுவேல் அப்போது விசைத்தறி மெக்கானிக். தறி நின்றுவிட்டால் எந்தத் தெருவிலிருந்தும் ஆள் வந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டு போவார்கள். நெசவுக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி 'அ' எழுதிப் படிப்பைத் தொடங்குவார்கள். எங்கள் சபையில் ஜூன் முதல் ஞாயிறு. அந்த வருடம் பள்ளியில் சேரும் பிள்ளைகள் புதுப் பையோடும் சிலேட்டோடும் முன்னால் போய் நிற்பார்கள். ஆயர் ஒவ்வொரு தலையிலும் கைவைத்து ஜெபிப்பார். ரூத் அன்று ஜெபம் முடியும்வரை கண்ணை மூடவே இல்லை. பக்கத்துப் பையனின் பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில் அப்பாக்களும் அம்மாக்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். என் அப்பாவும் கூட வந்திருந்தார். பேத்திக்கு முன்னேற்பாடாக என்னுடைய ஜாதிச் சான்றிதழின் நகல் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். என்னிடம் கொடுத்து, "இத்த வாத்தியாருகிட்ட குடு. அவரே பாத்து எய்திப்பாரு" என்றார்.

தலைமை ஆசிரியர் நல்லவர். சான்றிதழை விரித்துப் பார்த்தார். ரூத் என்ற பெயரைக் கேட்டார். கிறிஸ்தவப் பெயராக இருக்கிறதே, அம்மாவின் சான்றிதழை வைத்து வேறு பெயரில் எழுதிவிடலாமா என்று மெல்லக் கேட்டார். பேனாவின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். சாமுவேல் என்னைப் பார்த்தார். அவருடைய குடும்பம் எப்போதும் கிறிஸ்தவர் என்றே எழுதிவந்த குடும்பம். பத்தாவதோடு அவர் படிப்பு நின்றதும் அதனால்தான் என்று அவர் அம்மா சொல்வதுண்டு. ஆனாலும் இந்த முடிவை அவர் என்னிடமே விட்டுவிட்டார்.

ரூத் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த ஸ்கூட்டர் ஞாபகம் வந்தது. இவள் எதற்குப் பின்னாலும் உட்காரக் கூடாது என்று தோன்றியது. அதைத் தவிர வேறு எந்த நியாயமும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

"ரூத்னே எழுதுங்க சார். கிறிஸ்தவள்னு போடுங்க."

"யோசிச்சி சொல்லும்மா. நாளைக்கிக் காலேஜ் சீட்டுக்கு அலையறப்ப என்னத் திட்டக் கூடாது."

திட்ட மாட்டேன் என்றேன். அவர் எழுதினார்.

வெளியே வந்து அப்பாவிடம் சொன்னேன். சான்றிதழ் நகலை என் கையிலிருந்து வாங்கி, பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பள்ளி கேட்டைத் தாண்டியதும் நின்றார்.

"அப்ப நான் எய்தனது பொய்யின்னு ஊரக் கூட்டிச் சொல்லிட்டே."

நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அவர் அதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். அதற்குப் பிறகு வந்தார், போனார், ரூத்துக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பன்னிரண்டு வருடம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முடிவுக்கு நான் பெரிய விலை எதுவும் கொடுக்கவில்லை. ரூத்துக்கு உதவித்தொகை வரவில்லை, அவ்வளவுதான். காலேஜ் சீட்டுக்கு அலைய வேண்டிய காலம் வருவதற்குள் விமானம் ஏறிவிட்டோம். எங்கள் தெருவில் அப்படி ஏற முடியாதவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன எழுதினாலும் அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

4

தானியேல் பிறந்து எட்டு மாதமான போது நான் முதலில் தனியாக இங்கே வந்தேன். ஒரு வருடம் கழித்து சாமுவேலும் பிள்ளைகளும் வந்தார்கள். தானியேல் என்னை அடையாளம் கண்டுகொள்ள நான்கு நாள் ஆனது. இப்போது சாமுவேல் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்கிறார். தறி மாதிரிதான், நூலுக்குப் பதில் மாவு என்கிறார்.

பாஷை எங்களை அவ்வப்போது கவிழ்த்துவிடும். தானியேல் விளையாட்டுப் பள்ளிக்குப் போன முதல் மாதம், ஒரு நாள் டீச்சர் என்னிடம் அன்றைக்கு அவனுக்கு 'கிவ் அவுட்' பண்ண வேண்டியதாகப் போய்விட்டது என்றார். ஏதோ பரிசு கொடுத்திருக்கிறார் என்று நினைத்து, முகமெல்லாம் மலர்ந்து, ரொம்ப நன்றி, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றேன். டீச்சர் ஒரு மாதிரி பார்த்தார். வீட்டில் ரூத் விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த நாட்டில் அதற்குத் திட்டுவது என்று அர்த்தமாம்.

ரூத் அவர்களைப் போலவே பேசுகிறாள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும், ஆனால் வாக்கியத்தின் வால் ஆங்கிலத்தில் போய் முடியும். தானியேல் என்னை 'மாம்' என்கிறான். அம்மா என்று சொல் என்றால் சொல்கிறான். நான் சொல்லச் சொன்னதற்காகச் சொல்கிறான் என்று கேட்கும்போதே தெரிகிறது. ஆரம்பத்தில் இதற்கு அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை. அவன் எந்த வார்த்தையில் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

போன வருடக் கடைசியில் பள்ளிச் சேர்க்கை வேலை தொடங்கியது. இங்கே அரசாங்கம் சம்பளம் கொடுத்தாலும் பெரும்பாலான பள்ளிகளை ஏதோ ஒரு சபைதான் நடத்துகிறது. இடம் குறைவாக இருந்தால் முதலில் தங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த பிள்ளைகள், பிறகு மற்றவர்கள் என்று வரிசை. எங்கள் பக்கம் புதுப் புது வீடுகளாகக் கட்டித் தள்ளியிருந்தார்கள்; பள்ளிகள் பழைய எண்ணிக்கைதான். அதனால்தான் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டுக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பெரிய பள்ளி கத்தோலிக்கப் பங்கினுடையது. நாங்கள் புராட்டஸ்டன்ட். எஸ்தர் யார் என்ற கேள்வி தீர்வதற்கு முன்பே, நாங்கள் இரண்டாம் வரிசை என்று கடிதம் வந்துவிட்டது.

எங்கள் சபையோடு உறவுள்ள சபை ஒன்று இங்கே உண்டு. ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போகிறோம். அவர்களுக்குப் பஸ்ஸில் பத்து நிமிட தூரத்தில் ஒரு சின்னக் கல் கட்டடத்தில் பள்ளி இருக்கிறது. இரண்டே ஆசிரியைகள். அங்கே தானியேலுக்கு இடம் உண்டு என்று ஆயர் சொல்லிவிட்டார். சான்றிதழைப் பார்த்து, எழுத்து அழகாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

5

மாலதியை எனக்குத் தானியேலின் விளையாட்டுப் பள்ளி வாசலில் பழக்கம். போளூர்க்காரி. முதல் நாள் நான் ஆரணி என்றதும், தன் கல்யாணப் பட்டு எங்கள் ஊரில்தான் எடுத்தது என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கணவருக்கு சாஃப்ட்வேர் வேலை. ஒரே பையன், கார்த்திக், தானியேலைவிட மூன்று மாதம் பெரியவன்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தாள். மூன்று பள்ளிகளில் விண்ணப்பம் போட்டும் கார்த்திக்குக்குக் காத்திருப்போர் பட்டியல்தான் என்றாள். நான் காப்பி கலந்து கொடுத்தேன். குடிக்காமல் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டுவிட்டாள். எங்கள் ஆயரிடம் சொல்லி கார்த்திக்குக்கு ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கித்தர முடியுமா?

அவளுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படிச் செய்ததாகவும், தண்ணீர் தெளிப்பதுதானே, வீட்டில் அவன் எப்போதும்போல இருப்பான் என்றும் சொல்லிக்கொண்டே போனாள். இது என்ன விளையாட்டா என்று கேட்டேன். என் குரல் எனக்கே அன்னியமாக இருந்தது.

அவள் கோபப்படவில்லை. "விளையாட்டில்லக்கா. பக்கத்து வூட்டுப் புள்ளைங்க யூனிஃபார்ம் வாங்கிட்டாங்க. இவன் ஜன்னல்ல நின்னுகினு எனக்கு எப்பம்மா, எனக்கு எப்பம்மான்னு கேக்கறான். நான் இன்னா சொல்றது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, கதவருகில் செருப்பை மாட்டிக்கொண்டே, "உங்களுக்கு இது புரியாதுக்கா. நீங்க கிறிஸ்டியன். உங்ககிட்ட பேப்பர் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிறிஸ்தவள் என்பதால் எனக்கு ஒரு வசதி இருக்கிறது என்று என் நாற்பத்தொரு வயதில் ஒருவர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. தன் பிள்ளையைப் பள்ளிக்குள் நுழைப்பதற்காக மதம் என்ற கட்டத்தில் வேறொன்றை எழுதத் துணிகிற ஒரு தாய் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். அவளை நான் திட்டி அனுப்பியிருக்கிறேன். அவள் குடிக்காமல் விட்ட காப்பியைக் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, ரொம்ப நேரம் குழாயை மூடாமல் நின்றேன்.

6

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் காலிங் கார்டின் எண்ணைச் சுரண்டி அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் என் தம்பி வீட்டில் இருக்கிறார். ஆரணியில் அப்போது சாயங்காலம். பின்னால் சாலையில் லாரி ஹாரன் கேட்டது. வழக்கம்போல முதலில் குளிரா என்று கேட்டார். பிறகு பேரனைக் கேட்டார். தானியேலுக்குப் பள்ளியில் இடம் கிடைத்ததைச் சொன்னேன். மாலதி வந்து கேட்டதையும் சொன்னேன். அதை முழுக்கக் கேட்டார்.

நான் கேட்டேன். "என்னச் சேர்த்த அன்னிக்கி இன்னாப்பா நடந்தது?"

அவர் சொன்னதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"வாத்தியாரு ஒண்ணும் கேக்கல. நானாத்தான் பேர மாத்தினேன். வழி பூரா உன்னத் தோள்மேல வெச்சிகினு அதத்தான் யோசிச்சிகினு போனேன். எந்தப் பேரு சொன்னா உன்ன உள்ள வுடுவாங்க, வுட்டா வெளிய தள்ளாம வெச்சிப்பாங்கன்னு. பள்ளிக்கூட கேட்டாண்ட போறவரிக்கும் எஸ்தருதான். கேட்டத் தாண்டறப்ப மாத்திட்டேன். பேரத்தான் மாத்தினேன். சாய்ந்தரம் கூட்டிகினு வர்றப்ப எஸ்தருன்னுதானே கூப்ட்டேன்?"

ஆமாம்பா என்றேன். அது எனக்கு ஞாபகமே இல்லை. ஆனாலும் ஆமாம் என்றேன்.

ஆண்டவரிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களா என்று ஒரு காலத்தில் அவரிடம் கேட்க நினைத்திருந்தேன். அன்று அந்தக் கேள்வி எனக்குள் இல்லை. அதற்குப் பதிலாக, ரூத்துக்கு நான் வேறு மாதிரி எழுதியது உங்களைப் பொய்யன் என்று சொல்வதற்காக இல்லை என்றேன். நீங்கள் என்னை உள்ளே விட்டதால்தான் அப்படி எழுதச் சொல்லும் தைரியம் எனக்கு வந்தது என்றேன். இதை ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் எளிதாக வந்திருக்கும். தமிழில், அப்பாவிடம், அரைகுறையாகத்தான் வந்தது.

அவருக்குப் புரிந்தது. "சரி சரி. கார்டுல துட்டு போவுது, வையி" என்றார். ஆனால் அவரே வைக்கவில்லை. அந்தப் போளூர்ப் பெண்ணைச் சும்மா அனுப்பிவிடாதே என்றார்.

7

அன்று மாலையே மாலதி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள். நான் முந்திக்கொண்டேன். பொய்யாக ஒரு சான்றிதழ் வாங்கித்தர மாட்டேன் என்றேன். எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் சின்ன விஷயம் இல்லை என்பதைச் சொன்னேன். என் இரண்டு பெயர்களின் கதையையும் சொன்னேன். அயர்லாந்தில் நான் அதை முழுதாகச் சொன்ன முதல் ஆள் அவள்தான். என் மகளுக்குக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

"பேப்பர் வாங்கித்தர மாட்டேன் மாலதி. ஆனா நான் கூட வரேன். உள்ளதச் சொல்லிக் கேப்போம்" என்றேன்.

புதன்கிழமை எனக்கு விடுமுறை. இரண்டு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தச் சின்னப் பள்ளிக்குப் போனோம். மாலதி வழியெல்லாம், இந்து என்று முதலிலேயே சொல்ல வேண்டாம், கேட்டால் மட்டும் சொல்வோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தலைமை ஆசிரியை கையில் சுண்ணக்கட்டித் தூளோடு வகுப்பிலிருந்து வந்தார். அவருக்கு அலுவலக உதவியாளர் எல்லாம் கிடையாது. நான்தான் பேசினேன். இவன் கார்த்திக், இந்தக் குடும்பம் இந்து, ஞானஸ்நானச் சான்றிதழ் கிடையாது, எங்கும் இடமில்லை, இவனும் என் மகனும் ஒன்றாக விளையாடுகிறவர்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். மாலதி என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் சபைப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம், அது விதி என்றார். மாலதியின் பிடி தளர்ந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளே குறைந்துகொண்டு வருகிறார்கள் என்று தொடர்ந்தார். செப்டம்பர் கடைசியில் அரசாங்கம் தலை எண்ணும். இந்த வருடக் கணக்குப்படி ஒரு பிள்ளை குறைகிறது. குறைந்தால் இரண்டாவது ஆசிரியையை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். அந்தப் பெண் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது.

பிறகு கார்த்திக்கைப் பார்த்து, உனக்கு வரையப் பிடிக்குமா என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான், தானியேலைப் பார்த்தான், பிடிக்கும் என்றான்.

பதிவேட்டை எடுத்தார். கார்த்திக்கின் பெயரை எழுதினார். மதம் என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்து மாலதியைப் பார்த்தார். மாலதியே இந்து என்று சொன்னாள். தலைமை ஆசிரியை அந்த வார்த்தையை எழுத்துக்கூட்டச் சொல்லிக் கேட்டு, மெதுவாக, தெளிவாக எழுதினார். இந்தப் பதிவேட்டில் இதை எழுதுவது இதுதான் முதல் தடவை, தப்பாக எழுதிவிடக் கூடாது என்றார். வேதபாட நேரத்தில் அவன் விரும்பினால் கேட்கலாம், இல்லையென்றால் வரையலாம் என்றும் சொன்னார்.

அடுத்தது தானியேல். தாயின் பெயர் என்ற கட்டம் வந்தது. நான் இரண்டு சான்றிதழ்களையும் எடுத்து மேசைமேல் வைத்தேன். விளக்கம் சொல்ல இந்தத் தடவை தயாராக வந்திருந்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். எதை எழுதட்டும் என்று மட்டும் கேட்டார். இரண்டையும் எழுதுங்கள் என்றேன். கட்டம் சின்னது. கலைச்செல்வி எஸ்தர் என்று கோட்டைத் தாண்டிப் போய் எழுதினார்.

செப்டம்பர் முதல் வாரம் பள்ளி திறந்தது. தானியேல் உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கார்த்திக் வாசலிலேயே நின்று அழுதான். தானியேல் திரும்பி வந்து, அவன் கையைப் பிடிக்காமல் பையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனான். மாதக் கடைசியில் தலை எண்ணினார்கள். மறுநாள் காலை அந்த இளம் ஆசிரியை பள்ளி வாசலுக்கே வந்து எங்கள் இரண்டு பேர் கையையும் குலுக்கினார். வேலை நிலைத்துவிட்டது, இங்கேயே இருக்கிறேன் என்றார். இடம் கேட்டு நடந்த மாலதி பஸ் ஸ்டாப்பில், "நம்ம புள்ளைங்களாலக்கா" என்று ஒரு தடவை சொன்னாள்.

பள்ளி திறந்த அன்று சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்திருந்தேன். எடுத்தவுடன் குளிரைப் பற்றிக் கேட்கவில்லை.

"கட்டத்துல இன்னா எய்தினே?"

"உள்ளத எய்தினேம்பா."

"வுட்டாங்களா?"

"வுட்டாங்கப்பா."

"அந்தப் போளூர்ப் பொண்ணு புள்ளைய?"

"அவனையும் வுட்டாங்க."

"அப்ப சரி" என்றார் அப்பா.